சாவி யார் கையில்?

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் அதற்கான காரணத்தை வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை குடும்பத்தின் பாதுகாப்பு என்பதே. இரவில் கதவை உடைத்துக்கொண்டு நுழையும் அந்நியன் ஒருவனை மனத்தில் நிறுத்தியே அவ்வாயுதம் வாங்கப்படுகிறது. அவசரம் நேரின் உடனே கைக்கு எட்டவேண்டும் என்று கருதியே அதற்கான இடமும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் வீட்டுத் தலைவருக்கு எட்டும் தூரம், அதே கூரையின்கீழ் வளரும் பதினாறு வயது மகனுக்கும் எட்டும் தூரமே. வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்தை மட்டும் எண்ணி வாங்கிய பொருள், உள்ளிருந்து எழும் ஒரு துயர வேளையில் என்னவாக மாறுகிறது என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

துப்பாக்கி உரிமை மிகப் பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் 2021ஆம் ஆண்டு துப்பாக்கியால் உயிரிழந்தோர் 48,830 பேர். நாளேடுகளின் தலைப்புச் செய்திகளை மட்டும் வாசிப்பவர், இவர்களுள் பெரும்பாலோர் கொலையுண்டவர்கள் என்றே எண்ணுவார். உண்மையில் அவர்களுள் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தற்கொலையால் இறந்தவர்கள். 2020ஆம் ஆண்டில், 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் இறப்புக் காரணங்களில், வாகன விபத்துகளையும் முந்திக்கொண்டு துப்பாக்கி அங்கு முதலிடத்திற்கு வந்தது. இவ்விறப்புகளில் கொலைகளும் தவறுதலாக நேர்ந்தவையும் அடங்கும். ஆயினும் தற்கொலையின் பங்கு சிறிதன்று. அவ்வாறு இறந்த இளையோர் பயன்படுத்திய ஆயுதங்களுள் பெரும்பாலானவை தந்தையுடையவை, தாயுடையவை, அல்லது வீட்டிலுள்ள வேறொருவருடையவை.

சில நிமிடங்களின் கதை

தற்கொலை என்பது நெடுநாள் சிந்தித்து, திட்டமிட்டு, உறுதியாக எடுக்கப்படும் முடிவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. துயரம் நெடுநாளையது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அத்துயரம் செயலாக மாறத் துடிக்கும் நெருக்கடி வேளை பெரும்பாலும் மிகக் குறுகியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், உயிருக்கு ஆபத்தான முயற்சியிலிருந்து தப்பிப் பிழைத்த 13 முதல் 34 வயது வரையிலான 153 பேரிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிடங்கள்கூடக் கழியவில்லை எனக் காட்டிற்று. ஆஸ்திரியாவில் 82 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் அவ்விடைவெளி பத்து நிமிடங்களோ அதற்கும் குறைவோ என்று கூறினர்.

இளம் வயதினரிடம் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். தேர்வில் தோல்வி, காதலில் முறிவு, நண்பர் முன்னிலையில் நேர்ந்த அவமானம், தந்தையின் கடுஞ்சொல் ஆகியவை முதியவர் கண்ணுக்குச் சிறியனவாகத் தோன்றலாம். நாளை என்பதன் நீளத்தை இன்னும் கண்டறியாத உள்ளத்திற்கோ அவை உலகின் முடிவாகத் தோன்றுகின்றன. அந்த வேளை கடந்துவிட்டால் என்ன நிகழ்கிறது? சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற பாலமொன்றில் 1937 முதல் 1971 வரை தடுத்து மீட்கப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்த ரிச்சர்ட் சைடன் என்னும் ஆய்வாளர், அவர்களுள் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் பின்னரும் உயிருடன் வாழ்ந்துகொண்டிருந்தனர் அல்லது இயற்கையாகவே இறந்திருந்தனர் என 1978இல் அறிவித்தார். ஒரு நாள் காக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஓர் ஆயுட்காலத்தையே பெற்றுக்கொண்டனர்.

நெருக்கடி வேளையில் கைக்கு எட்டும் பொருள் எது என்பது ஏன் உயிரும் சாவுமான வினாவாகிறது என்பதை இதிலிருந்து உணரலாம். சில வழிகளில் மனம் மாறுவதற்கும், பிறர் கண்டு காப்பாற்றுவதற்கும், மருத்துவர் உதவுவதற்கும் இடமுண்டு. துப்பாக்கி அத்தகைய இடம் எதனையும் பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை.

“வேறு வழி தேடிக்கொள்வான்” என்னும் வாதம்

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. “சாக வேண்டும் என்று முடிவெடுத்தவனை யாரால் தடுக்க முடியும்? ஒன்றைப் பூட்டினால் மற்றொன்றைத் தேடிக்கொள்வான்” என்பர். இக்கூற்று அறிவார்ந்ததுபோல் தோன்றினும், சான்றுகள் அதற்குத் துணைநிற்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் படைப்பணியாற்றும் ஆடவர் தம் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பது நெடுநாள் மரபு. 2003ஆம் ஆண்டின் படைச் சீரமைப்பால் அந்நாட்டுப் படையினரின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அதனால் வீடுகளில் இருந்த படைத் துப்பாக்கிகளும் குறைந்தன. தற்கொலைத் தடுப்பு அச்சீரமைப்பின் நோக்கமன்று. ஆயினும் பின்னர் ஆராய்ந்தபோது, 18 முதல் 43 வயது வரையுள்ள ஆடவரிடையே துப்பாக்கித் தற்கொலையும், அதனோடு மொத்தத் தற்கொலையும் குறைந்திருந்தமை தெரியவந்தது. அதே வயதையொட்டிய பெண்களிடம் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை. துப்பாக்கியில்லாமையால் தவிர்க்கப்பட்ட இறப்புகளுள் 22 விழுக்காட்டளவுக்கே வேறு வழிகளால் இறப்பு நேர்ந்தது என்றும் 2013இல் வெளியான அவ்வாய்வு கணக்கிட்டது. வேறு வழி தேடியோர் சிலர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. எஞ்சியோர் தேடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

பெற்றோரின் நம்பிக்கையும் பிள்ளையின் அறிவும்

வீட்டில் துப்பாக்கி இருப்பதற்கும் தற்கொலை அபாயத்திற்கும் உள்ள தொடர்பைக் குறித்து ஆர்தர் கெல்லர்மனும் அவர்தம் குழுவினரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. தனிமை, மது, மருந்துப் பயன்பாடு போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், துப்பாக்கி உள்ள வீட்டில் தற்கொலைக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்ததை அவர்கள் கண்டனர். துப்பாக்கி உள்ள வீட்டினர் மற்றவரைவிட மனச்சோர்வு மிக்கவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எல்லா வீடுகளுக்கும் வரக்கூடிய துயரம் அவ்வீட்டிற்கு வரும்போது அதன் முடிவு வேறாகிறது என்பதே பொருள்.

2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் துப்பாக்கி உள்ள வீடுகளில் வாழும் சிறுவர் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். அவர்களுள் சுமார் 46 இலட்சம் பேரின் வீடுகளில், தோட்டா நிரப்பியும் பூட்டப்படாமலும் உள்ள துப்பாக்கி ஒன்றேனும் இருந்தது. “எங்கள் பிள்ளைக்கு அது இருக்கும் இடம் தெரியாது” என்பது பல பெற்றோரின் ஆறுதல். அலபாமா மாநிலத்தின் சிற்றூர்ப்புறத்து மருத்துவ நிலையமொன்றில், பெற்றோரையும் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளையும் தனித்தனியே வினவிய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. தம் பிள்ளைக்கு இடம் தெரியாது என்று கூறிய பெற்றோருள் 39 விழுக்காட்டினரின் கூற்றைப் பிள்ளைகளே பொய்ப்பித்தனர். பிள்ளை அதனைத் தொட்டதே இல்லை என்று கூறியோருள் 22 விழுக்காட்டினரின் நிலையும் அதுவே. ஒளித்துவைத்தல் என்பது பாதுகாப்பாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? டேவிட் கிராஸ்மன் தலைமையில் நடந்து 2005இல் வெளியான ஆய்வொன்று, 20 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கியால் தற்கொலை முயற்சியாகவோ தவறுதலாகவோ தீங்கு விளைவித்த 106 நிகழ்வுகளை, துப்பாக்கி இருந்தும் அத்தகைய நிகழ்வு நேராத 480 வீடுகளோடு ஒப்பிட்டது. நான்கு பழக்கங்கள் காப்பளித்தமை அதில் புலனாயிற்று. முதலாவது, துப்பாக்கியைப் பூட்டிவைத்தல். இரண்டாவது, தோட்டாக்களை நீக்கி வெறுமையாக வைத்தல். மூன்றாவது, தோட்டாக்களையும் பூட்டிவைத்தல். நான்காவது, துப்பாக்கியும் தோட்டாவும் வெவ்வேறு இடத்தில் இருத்தல். பூட்டிவைத்த வீடுகளில் ஆபத்தின் வாய்ப்பு, பூட்டாத வீடுகளில் உள்ளதன் நான்கில் ஒரு பங்கை ஒட்டியதாக இருந்தது. துப்பாக்கி இல்லாத வீடே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வீடு என்றும், வைத்தே தீரவேண்டுமாயின் இந்நான்கையும் கடைப்பிடிக்கவேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது.

பூட்டு மட்டும் போதுமா?

எனினும் பூட்டு என்ற சொல்லோடு நாம் நின்றுவிடலாகாது. டேவிட் பிரெண்ட் என்னும் மனநல மருத்துவரின் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, தற்கொலையால் இறந்த 47 இளையோரின் வீடுகளை, முயன்று பிழைத்தோரின் வீடுகளோடும், மனநலச் சிகிச்சை பெற்ற பிற இளையோரின் வீடுகளோடும் ஒப்பிட்டது. இறந்தோரின் வீடுகளில் துப்பாக்கி இருந்தமை ஏனையோரைவிட இருமடங்காக இருந்தது. ஆனால் பூட்டிவைத்த வீட்டிற்கும் பூட்டாத வீட்டிற்கும் அவ்வாய்வில் வேறுபாடு தென்படவில்லை. பின்னர் வந்த பெரிய ஆய்வு பூட்டின் பயனை நிறுவியிருக்க, முந்தைய சிற்றாய்வு ஏன் அதனைக் காணவில்லை?

இதற்கு ஒளி தரும் அனுபவமொன்று, துப்பாக்கியோடு சிறிதும் தொடர்பற்ற நம் அண்டை மண்ணில் உண்டு. இலங்கையின் சிற்றூர்களில் நெடுங்காலம் உயிர்குடித்தது பயிர்க்கொல்லி நஞ்சு. அந்நாட்டின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களைச் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உட்படுத்தி, நஞ்சைப் பூட்டிவைப்பதற்கான கலன்களைப் பாதி ஊர்களுக்கு வழங்கி, மாபெரும் ஆய்வொன்று நடத்தப்பட்டது. 2017இல் வெளியான அதன் முடிவு ஆய்வாளரின் எதிர்பார்ப்புக்கு மாறாயிற்று: கலன் பெற்ற ஊர்களில் தற்கொலையோ முயற்சியோ குறைந்ததற்கான சான்று இல்லை. காரணத்தை உய்த்துணர்வது கடினமன்று. கலன் அதே வீட்டில் இருந்தது. சாவியும் அதே வீட்டில் இருந்தது. கடையும் தொலைவில் இல்லை. துயருற்ற மனிதரே சாவிக்குரியவராக இருக்கையில் பூட்டு யாரைத் தடுக்கும்?

அந்நாட்டில் பயன் தந்தது வேறொன்று. மிகக் கொடிய நஞ்சுகளின் இறக்குமதியையும் விற்பனையையும் அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம், 2005இல் 24 ஆகக் குறைந்தது, பின்னரும் இறங்கிற்று. 1995 முதல் 2015 வரையிலான இருபதாண்டுகளில் இதனால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். உழவு நின்றுவிடவில்லை, மக்களின் துயரமும் நீங்கிவிடவில்லை. கைக்கெட்டியது மட்டும் மாறிற்று.

தமிழகத்திலும் இதனையொத்த ஒரு முயற்சி நடந்தது. சென்னையில் 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும், காட்டுமன்னார்கோயில் வட்டாரச் சிற்றூர்களில் பயிர்க்கொல்லிகளை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான வைப்பகத்தில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்துபார்த்தனர். உழவர்கள் அதனை ஏற்றுக்கொண்டமையும், அவ்வூர்களில் தற்கொலையும் முயற்சியும் குறைந்தமையும் 2013இல் வெளியிடப்பட்டன. சில ஊர்களோடு நின்ற சிற்றாய்வு அது; எனினும் அது உணர்த்தும் கருத்து தெளிவானது. நஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு தெருவின் தூரமும், இன்னொரு மனிதரின் முகமும் அங்கே வந்து நின்றன.

இவ்வனுபவங்களை ஒருங்கே நோக்கும்போது, பூட்டின் வலிமை இரும்பில் இல்லை, சாவி யாரிடம் உள்ளது என்பதில் உள்ளது என்னும் முடிவுக்கு வருகிறோம். பிள்ளையைக் காக்கும் பூட்டின் சாவி பிள்ளைக்குத் தெரிந்த ஆணியில் தொங்கலாகாது. எண்பூட்டாயின், அதன் எண் குடும்பத்தினர் அனைவரும் அறிந்த பிறந்தநாளாகவோ வாகன எண்ணாகவோ இருத்தல் கூடாது. ஆபத்தில் இருப்பவர் தந்தையே ஆயின், அவர் கையிலுள்ள சாவி அவரைக் காக்காது. அப்போது ஆயுதமே வீட்டைவிட்டு வெளியேறவேண்டும். நம்பிக்கைக்குரிய உறவினர், ஆயுத விற்பனையாளர், காவல் நிலையம் என அவ்வவ்விடத்துச் சட்டம் இடந்தரும் ஒருவரிடம், நெருக்கடி தீரும்வரை அதனை ஒப்படைக்கலாம். மது அருந்திய நண்பரிடமிருந்து வாகனச் சாவியை வாங்கிவைத்துக்கொள்வது அமெரிக்கர் அறிந்த வழக்கம். இதனையும் அதற்கு ஒப்பாகவே அங்குள்ள அறிவுரையாளர்கள் விளக்குகின்றனர்.

துப்பாக்கி உரிமையாளரைப் பகைத்துக்கொண்டு இப்பணியைச் செய்ய இயலாது என்பதை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் காட்டிற்று. அங்கு 2009இல், ஒருவரையொருவர் அறியாத மூவர், ஒரு வார காலத்திற்குள் ஒரே கடையில் ஆயுதம் வாங்கிச் சென்று, சில மணி நேரத்திற்குள் தற்கொலையால் இறந்தனர். அத்துயரத்தின் பின், ஆயுத விற்பனையாளரும் பொதுச் சுகாதார அறிஞரும் ஒன்றுகூடி, துயருற்ற வாடிக்கையாளரை அடையாளங்காணும் முறைகளை வகுத்தனர். நண்பரின் துயர வேளையில் அவரது ஆயுதத்தை வாங்கிவைப்பது நட்பின் கடமை என்னும் அறிவிப்புகள் கடைகளிலேயே வைக்கப்பட்டன. உரிமை குறித்த வாதங்களில் எதிரெதிரே நிற்போரும் ஓர் உயிரைக் காப்பதில் ஒன்றுபட இயலும் என்பதற்கு இது சான்று.

வழிகளை அடைத்தல்

தீமைக்கு இட்டுச்செல்லும் வழியை முன்கூட்டியே அடைத்தல் என்னும் கருத்து நம் சட்டவியல் மரபுக்குப் புதிதன்று. ‘ஸத்துத் தராஇஃ’ என்று அறிஞர்கள் வழங்கும் இவ்விதி, தன்னளவில் ஆகுமான ஒரு பொருளோ செயலோ கேட்டுக்கு வாயிலாகுமாயின் அவ்வாயிலை மூடலாம் என்கிறது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டு அறிஞரான இப்னுல் கையிம், தம் ‘இஃலாமுல் முவக்கிஈன்’ நூலில் இதற்குத் தொண்ணூற்றொன்பது சான்றுகளை அடுக்கிக் காட்டினார். ஆயுதத்தைப் பொறுத்தமட்டில் நபிவழி இன்னும் நேரடியானது. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு செல்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ளவேண்டும் என்ற அறிவுறுத்தலும், உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுதல் பற்றிய தடையும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அம்பை எய்பவரின் நோக்கம் அங்கே விசாரிக்கப்படவில்லை. நோக்கமின்றியும் தீங்கு நேரலாம் என்பதே கருதப்பட்டது. வீட்டு ஆயுதத்தைப் பூட்டுவதும் பிள்ளையின்மீது ஐயம் கொள்வதாகாது. எந்த மனிதருக்கும் வரக்கூடிய ஒரு பலவீன வேளையை முன்னுணர்ந்து, அம்புமுனையைப் பற்றிக்கொள்வதே அது.

இன்னொன்றையும் இங்கே கூறியாகவேண்டும். தற்கொலை மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை நம் இளையோர் அறிவர். அவ்விலக்கு உயிரின் மதிப்பை உணர்த்துவதற்கு உரியது. ஆனால் பல இல்லங்களில் அது வாய்ப்பூட்டாக மாறிவிடுகிறது. “எனக்கு வாழப் பிடிக்கவில்லை” என்று சொன்னால் ஈமான் குறைந்தவன் என்று ஏசுவார்களோ என அஞ்சும் பிள்ளை, சொல்லாமலே இருந்துவிடுகிறது. பூட்டப்படவேண்டியது ஆயுதம், திறந்திருக்கவேண்டியது பேச்சு. நாம் இதனைப் பல வேளைகளில் தலைகீழாகச் செய்கிறோம்.

பூட்டுக்கு அப்பால்

பூட்டு நமக்கு ஈட்டித் தருவது காலம் மட்டுமே. அக்காலத்தில் செய்யவேண்டியவற்றை மனிதரே செய்யவேண்டும். உறக்கமும் உணவும் மாறுதல், நண்பர்களைத் தவிர்த்தல், விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், தான் அனைவருக்கும் சுமை என்று பேசுதல், எல்லாம் முடிந்துவிட்டதுபோல் விடைபெறுதல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவற்றைக் கண்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவும் கனிவாகவும் கேட்கவேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்பட்டுவிடும் என்ற அச்சத்திற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. கேட்டபின் இடைமறியாமல் செவிசாய்க்கவேண்டும். தனியே விடாமல் உடனிருக்கவேண்டும். மருத்துவ உதவியை நாடவேண்டும். இந்தியாவில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணும், தமிழகத்தில் 104 என்னும் எண்ணும், இலங்கையில் 1926 என்னும் எண்ணும், அமெரிக்காவில் 988 என்னும் எண்ணும் இதற்கென உள்ளன.

நம் வாசகருள் மிகப் பெரும்பாலோரின் வீட்டில் துப்பாக்கி இல்லை. அமெரிக்காவில் குடியேறி வாழும் நம் உறவினரின் அண்டை வீட்டில் இருக்கலாம். அவர்தம் பிள்ளை விளையாடச் செல்லும் வீட்டில் இருக்கலாம். ஒவ்வாமை உணவைப் பற்றிக் கேட்பதுபோல, “உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா, அது பூட்டப்பட்டிருக்கிறதா?” என்று நாகரிகமாகக் கேட்கும் வழக்கம் அங்கே வளர்ந்துவருகிறது, அதனை அவர்களும் கைக்கொள்ளலாம். இங்கேயோ பயிர்க்கொல்லியும், எலிமருந்தும், பாட்டனாரின் மருந்துப் பெட்டியும் இல்லாத வீடுகள் சிலவே. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு மட்டும் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள்.

ஆதலின் இக்கட்டுரையை வாசித்து முடித்தவுடன் செய்யத்தக்க எளிய செயல் ஒன்று உண்டு. எழுந்து சென்று, வீட்டில் எது எங்கே இருக்கிறது என ஒருமுறை பார்ப்பது; தேவையற்றதை அகற்றுவது; தேவையானதைப் பூட்டுவது. பின்னர், அந்தச் சாவி இன்றிரவு யார் கையில் இருக்கவேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் கலந்து முடிவுசெய்வது.